ஓபி சீட்டுக்குப் பதில் 16 இலக்கம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு பெண் கருவுற்றால், அங்கேயே இருக்கும் அரசு மகளிர்-குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். ஏழாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறிச் சிக்கல் ஆனால், பாலம் தாண்டி எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ களமசேரி மருத்துவக் கல்லூரிக்கோ போகவேண்டி வரலாம். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையும் போகும்: ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மடித்து மடித்துக் கிழியப்போகும் ஓபி சீட்டு. அவசரத்தில் அந்தப் பையை வீட்டில் விட்டுவிட்டால், புது டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கவேண்டும்.

மின்னணு மருத்துவப் பதிவு என்பது அந்தப் பையில் இருப்பதைக் கணினியில் ஏற்றி, அதில் இணைந்த எந்த மருத்துவமனையில் உட்கார்ந்தாலும் டாக்டர் திறந்து பார்க்கும்படி வைப்பது. கேரள அரசு 2017 முதல் தன் மருத்துவமனைகளில் இ-ஹெல்த் என்ற பெயரில் இதைக் கொண்டுவருகிறது. அதன் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்தால், ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். பிறகு 16 இலக்க அடையாள எண் கிடைக்கும். அதை வைத்து வீட்டிலிருந்தே ஓபி டோக்கன் எடுக்கலாம். விடிகாலையில் போய் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். ஆனால் வரிசை குறைவதை நான் பெரிய லாபமாகச் சொல்லமாட்டேன். பெரிய லாபம் டாக்டரின் மேசையில் இருக்கிறது.

ஒரு சர்க்கரை நோயாளியை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அவருடைய ரத்த கிரியாட்டினின் அளவு முதல் வருடம் 0.8, அடுத்த வருடம் 1.0, மூன்றாம் வருடம் 1.2 என்று வைப்போம். ஒவ்வொரு தாளிலும் 'நார்மல்' என்ற எல்லைக்குள்தான் இருக்கும். தனித்தனியே பார்த்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். மூன்றையும் ஒரே திரையில் வரிசையாகப் பார்க்கும் டாக்டருக்குத்தான் சிறுநீரகத்தின் செயல்திறன் மெல்ல இறங்குவது தெரியும். வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்வார், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அளவைச் சரிபார்ப்பார். டயாலிசிஸ் வரை போகாமல் தடுக்கும் வாய்ப்பு அந்தக் கட்டத்தில்தான் அதிகம். பழைய தாள் தொலைந்தவருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பது கடினம்.

மற்றவையும் சின்ன விஷயம் இல்லை. பென்சிலின் ஒவ்வாமை ஒரு முறை பதிவானால், அடுத்த டாக்டருக்கும் அது தெரியும். புரியாத கையெழுத்தை மருந்துக்கடையில் ஊகிக்க வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இன்னொருவர் தெரியாமல் ஆஸ்பிரின் எழுதும் ஆபத்து குறையும்.

மட்டாஞ்சேரிக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. தமிழ், கொங்கணி, குஜராத்தி, உருது என்று வீட்டுக்கு ஒரு மொழி பேசும் ஊர் இது. "வெள்ளையா சின்ன மாத்திரை டாக்டர், காலையில ஒண்ணு" என்று பாட்டி தமிழில் சொல்வதை மலையாள டாக்டர் ஊகிக்கத் தேவையில்லை. மாத்திரையின் பெயரும் அளவும் திரையில் இருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. கூட்டமான ஓபியில் டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். இந்த எரிச்சல் நியாயமானதுதான். கணினி முடங்கினால் மருத்துவமனையே தடுமாறும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கியபோது, பல நாட்கள் மறுபடி காகிதத்தில்தான் வேலை நடந்தது. எச்ஐவி, மனநலம் போன்ற விவரங்கள் யார் கண்ணில் படும் என்ற பயமும் அர்த்தமற்றது இல்லை.

இன்னொரு சிக்கல், தனியார் மருத்துவமனைகள் ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருக்கின்றன. அவற்றையும் அரசு மருத்துவமனைகளையும் இணைக்கத்தான் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனை 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கியது. அது தரும் ஆபா என்ற சுகாதார அடையாள எண் 14 இலக்கம். கேரளத்தின் 16 இலக்க எண் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆபா எடுப்பது கட்டாயமில்லை. அதன் வழியே பதிவுகளைப் பகிர உங்கள் சம்மதம் வேண்டும்.

பதிவு காகிதமோ கணினியோ, கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிப்படி, உள்நோயாளியின் பதிவுகளை டாக்டர் 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும்.

அடுத்த முறை அரசு மருத்துவமனைக்குப் போகும்போது, அங்கே இ-ஹெல்த் வந்துவிட்டதா என்று ஓபி கவுண்டரில் கேளுங்கள். எண் மறந்துபோனால் புதிதாக இன்னொன்று எடுக்காமல், பழையதையே தேடித்தரச் சொல்லுங்கள். இரண்டு எண் இருந்தால் உங்கள் வரலாறும் இரண்டாகப் பிரியும். ஒவ்வாமையையும் தினமும் சாப்பிடும் மருந்துகளையும் ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்சில் வைத்திருங்கள். மின்சாரமோ இணையமோ இல்லாத நேரத்தில் அதுதான் உதவும்.