கை வேலை செய்யட்டும், காது படிக்கட்டும்!

வியாபாரிக்குப் புத்தகம் படிக்க நேரம் ஏது? காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்துப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கிவிடும். ஆனால் பொட்டலம் கட்டும்போதும், மூட்டை அடுக்கும்போதும், சரக்கு லாரியில் உடன் செல்லும்போதும் நம் காது சும்மாதான் இருக்கிறது. அதற்கென்றே இன்று ஒலிநூல்கள் வந்துள்ளன. நூல் முழுவதையும் ஒருவர் வாசித்துப் பதிவு செய்திருப்பார். நாம் கைப்பேசியில் கேட்டுக்கொள்ளலாம்.

கேட்டுப் படிப்பது புதிய வழக்கம் அல்ல. வள்ளுவர் 'கேள்வி' என்று தனி அதிகாரமே வைத்தார். 1865-இல் கியூபா நாட்டு ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில், தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையும் நூலும் உரக்க வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கிகளுக்கும் இது பொருந்தும் அல்லவா?

வியாபாரிகள் முதலில் கேட்க வேண்டியவை தலைவர்களின் வாழ்க்கை வரலாறும் பொருளாதார வரலாறும் என்பது என் கருத்து.

கப்பல் கட்டணம் சொல்லும் பாடம்

செக்கிழுத்த செம்மல் என்று வ.உ.சிதம்பரனாரைப் பள்ளியில் படித்தோம். வியாபாரியின் காதால் கேட்டால் அவர் வரலாறு ஒரு கம்பெனியின் வரலாறும் ஆகும். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். போட்டிக்கு நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் துணிந்தது. 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார். 1911-இல் கம்பெனி மூடப்பட்டது.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே மளிகை என்று பெரும் தள்ளுபடியில் விற்கிறார்களே, அந்தத் தந்திரம் நேற்று முளைத்தது அல்ல. ஆழமான பை உள்ளவன் நஷ்டத்துக்கு விற்பது, எதிர்க்கடை பூட்டும்வரைதான். இன்னொரு பாடமும் உண்டு. ஒருவரையே நம்பி நிற்கும் நிறுவனம் அவர் இல்லாவிட்டால் தள்ளாடும். தகப்பனார் படுத்ததும் பூட்டு விழுந்த கடைகளை நாமே பார்த்திருக்கிறோம்.

பாதை மாறினால் சந்தை மாறும்

நம் மலைச்சரிவிலும் பொருளாதார வரலாறு கிடக்கிறது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கயிற்றுப் பாதையில் குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அழித்தது. பின்னாளில் சரக்கு வேறு சாலைகளைப் பிடித்துக்கொண்டது. இன்று குரங்கணியில் இறங்குவோர் மலையேற வரும் பயணிகளே. போடி ரயிலும் 2010 இறுதியில் நின்று, அகலப் பாதையாகி, 2023-இல்தான் திரும்பி வந்தது. சரக்கு வரும் வழியைக் கவனிக்காதவன் சந்தையை இழப்பான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? குவாதமாலா நாட்டில் ஏலக்காய் விளைந்த வரலாறு தெரியாமல் போடி விலையும் புரியாது.

சில யோசனைகள்

தினம் அரை மணி நேரம் போதும். கேட்டதில் ஆண்டையும் தொகையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காதில் விழுந்தது சீக்கிரம் மறக்கும். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் காதில் எதையும் மாட்டாதீர்கள். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் இருந்தால், 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதிய 'நாடுகளின் செல்வம்' நூலைத் தொண்டர்கள் வாசித்து 'லிப்ரிவாக்ஸ்' தளத்தில் இலவசமாக வைத்திருப்பதைச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கயிற்றுப் பாதையைப் பற்றித் தம் தகப்பனார் சொல்லக் கேட்டவர்களும், பழைய ஏலக்கடை முறை அறிந்தவர்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் குரலை இப்போதே பதிவு செய்வோம். நாளைய வியாபாரி கேட்க வேண்டிய ஒலிநூல் அதுவே.