சிறையிருந்த சோழச் சக்கரவர்த்தி

காஞ்சிபுரத்தில் வந்தவாசிப் பஸ் ஏறினால் பெருநகர், மானாம்பதி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போகும். வந்தவாசியையும் தாண்டித் தெற்கே சென்றால் தெள்ளாறு வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியனை முறியடித்து, 'தெள்ளாறு எறிந்த' என்ற அடைமொழியைப் பெற்றது இந்த மண்ணிலேதான். அந்த வெற்றியைப் பலரும் அறிவர். அதே தெள்ளாற்றில் நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு சோழச் சக்கரவர்த்தி தோற்றுக் கைதியானதை அறிந்தவர் எத்தனை பேர்?

அவன் பெயர் மூன்றாம் இராசராசன். 1216-ல் பட்டத்துக்கு வந்தவன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனின் பெயரைத் தாங்கியவன்; ஆனால் அந்தப் பெயரைத் தவிர முன்னோரிடமிருந்து அவனுக்கு மிஞ்சியது மிகச் சொற்பம்!

பழி முந்திய தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. மூன்றாம் குலோத்துங்கன் மதுரையைப் பிடித்தபோது, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை ஏர் பூட்டி உழுது, கவடி விதைத்தான். பாண்டியர் அதை மறப்பார்களா? மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின் மேல் பாய்ந்து தஞ்சையையும் உறந்தையையும் தீக்கிரையாக்கினான். பட்டினப்பாலைக்குப் பரிசாகக் கரிகாலன் கொடுத்த பதினாறு கால் மண்டபம் ஒன்றைத்தான் இடிக்காமல் விட்டானாம். திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. போசளர் குறுக்கிட்ட பின் நாட்டைத் திருப்பிக் கொடுத்து, 'சோணாடு வழங்கியருளியவன்' என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். பிறர் வழங்கிய நாட்டைத்தான் இராசராசன் ஆளவேண்டியிருந்தது.

தெற்கே பாண்டியன் இப்படி என்றால் வடக்கே சிற்றரசர் கூட்டம். காடவர், சம்புவராயர், மலையமான், வாணகோவரையர் எல்லாரும் ஒரு காலத்தில் சோழர் படையில் ஊழியம் செய்தவர்கள். பிறகு தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். இன்னாருக்கு இன்னார் துணை, இன்னாருக்கு இன்னார் பகை என்று கல்லிலேயே வெட்டினார்கள்! குடவோலை முறையால் பேர்பெற்ற உத்திரமேரூரைச் சுற்றிய தொண்டை நாட்டிலும் தெலுங்குச் சோழர் ஒரு பக்கம், சம்புவராயர் ஒரு பக்கம். காஞ்சியிலோ போசளப் படை முகாம்.

1231-ல் மீண்டும் பாண்டியனோடு போர் மூண்டது. தோற்ற இராசராசன், போசளரிடம் உதவி பெறலாம் என்று வடக்கே புறப்பட்டான். வழி மறித்தவன் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன். தெள்ளாற்றில் சோழனை வென்று, அமைச்சர்களோடு சிறைப்பிடித்ததாக வயலூர்க் கல்வெட்டில் அவனே பெருமை பேசுகிறான். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருக்கும் சேந்தமங்கலம்தான் அவனுடைய தலைநகர். சக்கரவர்த்தி அங்கே அடைபட்டான்.

மீட்ட கதையை அறிய வேண்டுமானால் கடலூருக்கு அருகிலுள்ள திருவயிந்திரபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டும். அங்குள்ள கல்வெட்டு போர்க்கள நிருபர் அனுப்பிய செய்தி போலவே இருக்கிறது. சோழன் சிறைப்பட்டதைக் கேட்ட போசள மன்னன் நரசிம்மன், 'சோழ ராச்சியத்தை நிலைநாட்டியவன்' என்ற பேர் வாங்காமல் எக்காளம் ஊதுவதில்லை என்று சபதம் செய்கிறான். துவார சமுத்திரத்திலிருந்து கிளம்பி மகர நாட்டை அழித்துவிட்டுப் பாச்சூரில் தங்குகிறான். அங்கிருந்து அப்பண்ணன், சமுத்திர கோப்பயன் என்ற இரு தண்டநாயகரை ஏவுகிறான்.

அவர்கள் போன வழியெல்லாம் நெருப்பு. கோப்பெருஞ்சிங்கன் தங்கியிருந்த ஊர்கள் அழிந்தன. ஈழத்து அரசன் பராக்கிரமபாகு உட்பட நான்கு முதலிகள் மாண்டனர். நடுவே பொன்னம்பலத்தில் கூத்தப்பிரானை வணங்கவும் தண்டநாயகர் தவறவில்லை! பிறகு திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, திருவதிகை முதலான ஊர்களைச் சூறையாடி, சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே குடிகளின் ஊர்களைச் சுட்டு, மரங்களை வெட்டி, பெண்களைப் பிடித்துக் கொள்ளையடித்தார்கள். இத்தனையையும் கல்வெட்டு வெற்றியாகவே எழுதுகிறது. பிடிபட்ட பெண்களில் ஒருத்தியின் பெயராவது அதில் உண்டா? இல்லை. சக்கரவர்த்தியின் விடுதலைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

முற்றுகைக்கு முன்னே கோப்பெருஞ்சிங்கன் பணிந்தான். சோழனை விட்டுவிடுகிறேன் என்று நரசிம்மனுக்குச் சொல்லியனுப்பினான். தண்டநாயகர் இருவரும் இராசராசனை அழைத்துப்போய் அவன் நாட்டில் விட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது. அரசன் சிறைப்பட்டதை ஊரறியச் சொல்லும் அந்தக் கல்வெட்டுக்கு என்ன தேதி தெரியுமா? திரிபுவனச் சக்கரவர்த்தி இராசராச தேவரின் பதினாறாம் ஆட்சியாண்டு! நாட்டில் அதிகாரம் யார் கையில் இருந்தாலும் ஆண்டுக்கணக்கு மட்டும் அவன் பெயரில்தான்.

இதே நூற்றாண்டில் ஜப்பானிலும் இந்த நாடகம் நடந்தது. கோ-தோபா என்ற சக்கரவர்த்தி சின்னஞ்சிறு பிள்ளையாக 1183-ல் அரியணை ஏறி, 1198-ல் விலகியவர். படைத்தலைவர்கள் காமகூராவில் தனி அரசாங்கமே நடத்திவந்தார்கள். அவர்களை அடக்க 1221-ல் போர் தொடுத்துத் தோற்றார். ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1239-ல் அங்கேயே மறைந்தார். ஆனால் வென்ற ஹோஜோ குடும்பத்தார் அரியணையைத் தொடவில்லை. அதில் இன்னொரு வாரிசை உட்காரவைத்து, அவர் பெயரால் தாங்கள் ஆண்டார்கள். நம் இராசராசனுக்கோ தீவில் சாகும் கதி நேரவில்லை. மீட்க ஒரு போசளன் இருந்தான். ஆனால் உதவிக்கு வந்த போசளர் தமிழ்நாட்டை விட்டுப் போகவில்லை. நரசிம்மன் மகன் சோமேசுவரன் சமயபுரத்துக் கண்ணனூரையே தலைநகராக்கிக் கொண்டான். 'சோழரை நிலைநாட்டியவன்' என்ற பட்டத்துக்கும் போட்டி வந்தது. தெலுங்குச் சோழன் திக்கனும் அதைச் சூட்டிக்கொண்டான்!

விடுதலைக்குப் பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இராசராசன் பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. 1256 வரை ஆண்டதாகக் கணக்கு. ஆனால் 1246-லேயே மூன்றாம் இராசேந்திரன் இளவரசுப் பட்டம் ஏற்றுக் காரியங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அவனுக்குப் பின் சோழர் இல்லை. 1279-ஓடு பரம்பரையே முடிந்தது.

கோப்பெருஞ்சிங்கன் பெயரில் உள்ள கல்வெட்டுகளும் அதே 1279 வரை வருகின்றன. அப்படிப் பேர் கொண்டவர் ஒருவரா, தந்தையும் மகனுமாக இருவரா என்று ஆராய்ச்சியாளர் வாதாடுகிறார்கள். சிதம்பரத்தின் தெற்குக் கோபுரம் 'சொக்கச்சீயன்' என்ற அவன் பெயரால் எழுந்தது. ஏழு நிலையோடு இன்றும் நிற்கிறது.