நாயின் மிடறு காட்டும் குறி

சோழநாட்டின் கடைமடையில், அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தே அமைந்த ஊர் காரைக்கால். அதனை அடுத்த கிளிஞ்சல்மேடு முதலிய மீனவர் ஊர்களில், படகு கரை சேருங்கால் நாய்களும் வந்து நிற்கும். வலையினின்று உதறப்படும் மீன்தலையும் முள்ளும் அவற்றிற்கு உணவாம். சிற்சில வேளைகளில் அவ்வுணவோடு தூண்டில்முள்ளும் உள்ளே சென்றுவிடும்.

நாய் தன் நோயை வாயாற் சொல்லாது. அதன் மிடறு சொல்லும். உண்டபின் ஓரிரு முறை எச்சில் விழுங்குதலும் உதட்டை நக்குதலும் இயல்பே. ஒன்றும் உண்ணாத பொழுதும் மீண்டும் மீண்டும் விழுங்குமாயின் அதற்குக் காரணம் உண்டு. குமட்டலாலும், இரைப்பையின் புளிப்பு மேலெழுதலாலும் அவ்வாறு நேரும். சிறிது நேரத்தில் அது தணிந்து, நாய் வழக்கம்போல் உண்டு திரியுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. ஒருநாள் கடந்தும் நீடிப்பினும், அடிக்கடி நிகழினும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

காலந் தாழ்த்தலாகாத குறிகளும் உள. எச்சில் இடையறாது ஒழுகுதல், கழுத்தை நீட்டித் திணறுதல், தின்றதை அப்படியே வெளியே தள்ளுதல், முன்காலால் வாயைப் பிறாண்டுதல் ஆகியவை முள்ளோ எலும்போ சிக்கியதைக் காட்டலாம். வயிறு உப்பி, ஒன்றும் வெளிவராமல் ஓங்கரிக்கும் நாய் சில மணி நேரத்துள் இறத்தலும் உண்டு. வாயில் தூண்டிற்கயிறு தொங்கினும் அதனை இழுத்தல் கூடாது. இழுப்பின் முள் ஆழப் பதியும்.

இவ்விடத்தே இரக்கமும் தீங்காய் முடிவதுண்டு. முள்ளை எடுக்கும் எண்ணத்தால் சிறுவர் நாயின் வாயுள் கைவிடுவர். வெறிநோய் பற்றிய நாய்க்கும் தொண்டைத் தசைகள் செயலிழக்கும், தாடை தொங்கும், குரல் மாறும், விழுங்க இயலாமல் எச்சில் வழியும். காண்பவர்க்கு முள் சிக்கியதாகவே தோன்றும். அவ்வெச்சிலில் உள்ள நோய்க்கிருமி சிறு கீறல் வழியாகவும் உடலுட் புகும். ஆதலின் நாயைத் தொடாமல் விலகி நின்று, பெரியோர்க்கு உடனே அறிவித்து, மருத்துவரை அழைப்பித்தலே முறை.

கடியோ கீறலோ பட்டுவிடின், அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் மிகமிகச் சிலரே. இத்தடுப்பு முறையைக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1885ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், வெறிநாய் கடித்த சோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு அவர் ஊசி மருந்து இடச்செய்தார், சிறுவன் பிழைத்தான். அந்நாளில் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பின்னர் 1907இல் நீலகிரிக் குன்னூரில் அவர் பெயர் தாங்கிய நிலையம் ஒன்று தோன்றியது.

வளர்க்கும் நாய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி இடுவித்தலும், அதன் மிடற்றை நாள்தோறும் நோக்குதலும் வளர்ப்போர் கடமையாகும். வாயில்லா உயிரிடம் காட்டும் அன்பு, அறிவொடு கூடிய பொழுதே அவ்வுயிரையும் காக்கும், காப்பவரையும் காக்கும்.