தாறுமாறும் ஹிகிள்டி பிகிள்டியும்

சென்ற ஆண்டு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள். டைட்ரேஷன் செய்து, பியூரெட் அளவுகளை அப்சர்வேஷன் நோட்டில் குறித்துக் கையொப்பத்துக்கு நீட்டினேன். விரிவுரையாளர் சிவப்பு மையில் இரண்டே சொற்களை எழுதித் திருப்பித் தந்தார்: ‘ஹிகிள்டி பிகிள்டி’. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அதில் அகப்பட்டது ‘பிக்’ ஒன்றுதான். பன்றி!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. அன்றிரவு உறக்கம் வரவில்லை. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அப்பாவோடு செங்கல் சூளைக்கே போய்விடலாம் என்றுகூட எண்ணினேன். நண்பர்களிடம் கேட்கவோ வெட்கம். மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். ‘ஒழுங்கின்றிக் கலைந்து கிடப்பது’ என்றிருந்தது. உண்மைதான், என் அளவுகள் அப்படித்தான் கிடந்தன. பன்றிகள் முட்டி மோதிக் கும்பலாய் நிற்பதிலிருந்து இச்சொல் பிறந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆகவே என் அச்சமும் முழுப் பொய்யல்ல!

அன்று தொற்றிக்கொண்டது இந்தச் சொற்களைச் சேர்க்கும் பைத்தியம். இவற்றில் சொல்லின் தொடக்க ஒலி மட்டும் மாறும். மிச்சம் அப்படியே திரும்பி வரும். நம் யாப்பில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அடிகளின் இறுதி ஒன்றி வருவது இயைபு. ஆங்கிலேயர் ‘ரைம்’ என்பது நம் இயைபுக்கே நெருங்கிய உறவு.

‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ என்றால் அரக்கப்பரக்க. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்து இரண்டாம் பகுதியில், பிஸ்டல் என்னும் வாய்வீச்சுக்காரன் தான் குதிரையில் விரைந்து வந்ததை இச்சொல்லால்தான் சொல்கிறான். ‘ஹாங்கி பாங்கி’ என்றால் தில்லுமுல்லு. ‘ஹோக்கஸ் போக்கஸ்’ செப்பிடுவித்தைக்காரன் வாயில் பிறந்தது. லத்தீன்போல் ஒலிக்கட்டும் என்று 17ஆம் நூற்றாண்டு வித்தைக்காரர்கள் முணுமுணுத்த வெற்றுச் சொல். நம்மூர் ‘ஜீபூம்பா’வுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘வில்லி நில்லி’யில் வெற்றொலி எதுவும் இல்லை. ‘வில்’ என்றால் விரும்பு. ‘நில்’ என்றால் விரும்பாதே என்று பழைய ஆங்கிலத்தில் ஒரு வினை இருந்து வழக்கொழிந்துவிட்டது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நடந்தே தீருவது வில்லி நில்லி. கணக்கற்று, கண்டபடி என்றும் இப்போது பொருள் கொள்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹாட்ஜ்பாட்ஜ்’. கதம்பம் என்று பொருள். பிரெஞ்சு மொழியில் ‘ஓஷ்போ’ என்பது பலவற்றையும் போட்டுக் குலுக்கி வேகவைக்கும் பானைக் குழம்பு. அது ஆங்கிலச் சட்டத்துக்குள் ‘ஹாட்ச்பாட்’ என்று நுழைந்தது. தகப்பன் உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளைக்கு முன்கூட்டிக் கொடுத்த சொத்தையும் கணக்கில் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டதுபோல் கலந்து, பிறகு சமமாய்ப் பங்கிடுவது. குழம்புச் சட்டி நீதிமன்றம் ஏறிய கதை இது.

இலண்டனின் கிழக்குப் பகுதி மக்களோ இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ‘லுக்’ என்பதற்கு ஒத்த ஓசையில் ‘புட்சர்ஸ் ஹுக்’ (கசாப்புக்காரன் கொக்கி) என்றார்கள். பிறகு கொக்கியை விட்டுவிட்டு ‘புட்சர்ஸ்’ மட்டும் சொன்னார்கள். ஒத்த ஓசையுள்ள பகுதியே போய்விட்டதால் வெளியாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ‘ஹெட்’ என்பது ‘லோஃப் ஆஃப் பிரெட்’ ஆகி, வெறும் ‘லோஃப்’ ஆயிற்று. ‘உன் ரொட்டியைப் பயன்படுத்து’ என்று ஒருவர் சொன்னால் மூளையைப் பயன்படுத்து என்று பொருள்! 1859இலேயே ஜான் கேம்டன் ஹாட்டன் தம் கொச்சைமொழி அகராதியில் இவ்வகைச் சொற்களுக்கு இடம் கொடுத்தார்.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒன்றும் உண்டு. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதி, இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களைத் தொகுத்தது. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகிய நம் சொற்கள் அவர்கள் வாயில் பட்ட பாட்டை அதில் காணலாம். தொகுத்த இருவர் ஹென்றி யூலும், தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலும். நூல் முற்றுப்பெறுமுன் 1882இல் பர்னல் மறைந்தார். முகரம் ஊர்வலத்தில் எழுந்த ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்னும் துயரக் குரல், பொருள் அறியாத வெள்ளைச் சிப்பாய்களின் காதில் ‘ஹாப்சன் ஜாப்சன்’ ஆனதுதான் அந்தத் தலைப்பு. ‘பிக்’ என்று கேட்ட என் காதைப் போலத்தான் அவர்கள் காதும்.

நாமும் குறைந்தவர்கள் அல்லர். எக்கச்சக்கம், ஏட்டிக்குப் போட்டி, அக்கம்பக்கம், கன்னாபின்னா என்று வீட்டிலேயே மூட்டை மூட்டையாய் இருக்கின்றன. போதாக்குறைக்குப் புலி கிலி, பணம் கிணம் என்று எந்தச் சொல்லுக்கும் ஒரு ‘கி’ போட்டு நொடியில் ஜோடி சேர்த்துவிடுவோம்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்தச் சிவப்பு மைக் கதையைச் சொன்னேன். “அப்டின்னா என்னடா அர்த்தம்?” என்றார். “தாறுமாறும்மா” என்றேன்.

“அட, இதுக்கா சோறு தண்ணி எறங்காம கெடந்த? உன் துணி கெடக்கற கெடயப் பாத்து நான் தெனமும் அதத்தானே சொல்றேன்!” என்று அடுப்பை ஊதப் போய்விட்டார்.