பூவனூர் ராஜகுமாரியும் சென்னைக் குமாரியும்

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம், திருவாரூர் வழியாக மேற்கே செல்லும் யாத்திரிகர்கள், நீடாமங்கலத்துக்கு அருகில் திருப்பூவனூர் என்னும் ஸ்தலத்தைத் தரிசிக்கலாம். அங்கே எழுந்தருளியிருக்கும் சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். அரசகுமாரியாக வளர்ந்த ராஜராஜேசுவரி, சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாதவளாய் விளங்கினாளாம். அவளை வெல்பவனுக்கே அவளை மணம் செய்து கொடுப்பதென்று தந்தை தீர்மானித்தார். சிவபெருமான் முதியவர் வடிவில் வந்து, ஆடி வென்று, அவளை மணந்தார் என்பது ஸ்தல புராணம்.

புராணம் மங்களமாகவே முடிகிறது. ஆயினும், ராஜகுமாரி தோற்ற அந்த ஓர் ஆட்டத்துடன் அவளுடைய சதுரங்கக் கதையும் நிறைவுற்று விடுகிறது. நம் காலத்துச் சென்னைக் குமாரி ஒருத்தியின் சரித்திரமோ தோல்விக்குப் பின்னர்தான் சுவை மிகுந்து செல்கிறது.

குமாரி வைஷாலி ரமேஷ்பாபு 2001-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தவர். தந்தை வங்கி உத்தியோகஸ்தர். குழந்தை எந்நேரமும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கிறாளே என்று கவலையுற்ற பெற்றோர், அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காவின் ஆட்டத்தைக் கண்டு தம்பி பிரக்ஞானந்தாவும் காய்களைத் தொட்டான். 2013-ல் நார்வே தேசத்து மாக்னஸ் கார்ல்சன் சென்னைக்கு வந்து ஒரே சமயத்தில் பலருடன் ஆடியபோது, அவரை வென்று வைஷாலி யாவரையும் வியக்கச் செய்தார்.

சதுரங்கத்தில் மாதருக்கென்று தனியே ஒரு கிராண்ட்மாஸ்டர் பட்டம் உண்டு. பாரத மாதருள் அதனை முதன்முதலில், 2001-ல், பெற்றவர் சென்னையைச் சேர்ந்த எஸ். விஜயலட்சுமி. இரு பாலாருக்கும் பொதுவான கிராண்ட்மாஸ்டர் பட்டம் அதனினும் அரியது. அதற்கு 2,500 தரப்புள்ளிகளை எட்டுவதுடன், பெரும் போட்டிகளில் மூன்று முறை தேர்ச்சி காட்டவும் வேண்டும். தம்பி 2018-லேயே, 12 வயதில், அப்பட்டத்தைப் பெற்று விட்டான். முதலில் ஆடத் தொடங்கிய அக்கா ஐந்து வருஷங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் ஸ்பெயின் தேசத்தில் அவர் 2,500 புள்ளிகளைத் தாண்டினார். கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி ஆகியோருக்குப் பின், அப்பட்டம் எய்திய மூன்றாவது பாரதப் பெண்மணி அவரே. அக்காவும் தம்பியுமாக இருவர் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

அவருடைய மனவுறுதிக்கு 2024 ஏப்ரலில் டொராண்டோ நகரில் பரீட்சை வந்தது. உலக வீராங்கனையுடன் மோதும் உரிமைக்காக எட்டுப் பெண்மணிகள் பதினான்கு சுற்றுகள் ஆடினர். இடையே வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றார். வேறொருவராயின் மனம் ஒடிந்திருப்பார். அவரோ எஞ்சிய ஐந்து ஆட்டங்களையும் ஒன்று விடாமல் வென்று, இரண்டாம் ஸ்தானத்துக்குச் சமமான ஏழரைப் புள்ளிகளுடன் எழுந்தார். அதே வருஷம் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பாரத மாதர் அணி தங்கப் பதக்கம் கொணர்ந்தபோது அவரும் அதில் ஆடினார். 2025 ஆகஸ்டில் சென்னைப் போட்டியொன்றில் தோல்வி மேல் தோல்வியுற்றார். அடுத்த மாதமே சமர்க்கண்டில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் முதலிடம் பெற்றார். 2023-லும் அப்போட்டியில் வென்றவர் அவரே.

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றி, பாரசீகத்தின் வழியாக மேல்நாடு சென்ற விளையாட்டு. அதன் புகழை மீண்டும் நம் பெண்கள் ஈட்டித் தருவது தேசத்துக்குப் பெருமைதான். ஆனால் அப்பெருமை வீட்டுக் கூடத்திலிருந்தே பிறக்க வேண்டும். பள்ளிப் பந்தயத்தில் தோற்று முகம் வாடி வரும் பெண்ணிடம், "ஆடினது போதும், பலகையைக் கட்டி வை" என்று சொல்லும் பெற்றோர் காரைக்காலிலும் இருப்பார்கள், சென்னையிலும் இருப்பார்கள். அவர்கள் டொராண்டோவின் அந்த நான்கு தோல்விகளைச் சற்று நினைத்துப் பார்ப்பார்களாக. மறுநாளும் உட்கார்ந்து ஆட அவளுக்கு இடம் கொடுத்தாலே போதும்; வெற்றியை அவளே தேடிக் கொள்வாள்.