படகு இன்ஜினுக்குச் சரியான பெல்ட் எது?



நம்ம பள்ளியில நிறைய பேர் வீட்டுல யாராவது கடலுக்குப் போறவங்கதான். எங்க அப்பாவும் விசைப்படகு டிரைவர். டீசல், ஐஸ், குடிதண்ணி எல்லாம் ஏத்தியாச்சான்னு பார்ப்பாங்க. ஆனா இன்ஜின்ல ஒரு ரப்பர் பெல்ட் சரியில்லைன்னா அத்தனையும் வீண். கடைக்கு அப்பாகூடப் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன்.

பெல்ட்டுக்கு என்ன வேலை?

இன்ஜினின் முன்பக்கம் பள்ளம் வெட்டிய சக்கரங்கள் இருக்கும். அதுக்குப் பேர் புல்லி. பல இன்ஜின்களில் குளிர்விக்கும் தண்ணி பம்பையும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற டைனமோவையும் சுத்துறது இந்த பெல்ட்தான். படகைத் தள்ளுற விசிறி தனி. அது கியர் பெட்டி வழியா சுத்துது. அதனால பெல்ட் அறுந்தாலும் படகு உடனே நிக்காது. இதுதான் ஆபத்து! யாரும் கவனிக்காம விட்டா இன்ஜின் கொதிச்சு ஜாம் ஆகிடும். பேட்டரி இறங்கினா விளக்கும் வயர்லெஸ்ஸும் போயிடும். நடுக்கடலில் மெக்கானிக் கடை ஏது?

முதலில் அகலம்

பெல்ட்டை வெட்டிப் பார்த்தா மேலே அகலமாவும் கீழே குறுகலாவும் இருக்கும். புல்லியைப் பிடிக்கிறது அதன் இரண்டு பக்கங்கள்தான், அடிப்பாகம் இல்லை. அகலம் குறைஞ்ச பெல்ட்டைப் போட்டா பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து வழுக்கும், கீச்சுன்னு கத்தும், சூடாகித் தேயும்.

ஏ வகை: மேல் அகலம் 13 மி.மீ., தடிமன் 8 மி.மீ.
பி வகை: 17 மி.மீ., 11 மி.மீ.
சி வகை: 22 மி.மீ., 14 மி.மீ.

பழைய பெல்ட் தேய்ஞ்சு ஒல்லியாகி இருக்கும். அதனால புல்லியின் பள்ளத்தையும் அளந்து பார்க்கணும்.

அடுத்தது நீளம்

பெல்ட் முதுகில் ‘ஏ 42’ன்னு போட்டிருந்தா, ஏ வகை, உள்சுற்று 42 அங்குலம்னு அர்த்தம். எண் அழிஞ்சு போனா பெரும்பாலும் வெளிப்பக்கம் டேப் வச்சு அளப்பாங்க. அப்போ 44 அங்குலம் வரும். 44ன்னு கேட்டு வாங்கினா பெல்ட் லூசா இருக்கும்!

ஏன் 2 அங்குலம் கூடுது? நம்ம கணக்குப் பாடம்தான். வெளிவட்டத்தின் ஆரம் உள்வட்டத்தை விட 8 மி.மீ. அதிகம். சுற்றளவு வித்தியாசம் 2 × 3.14 × 8 = ஏறக்குறைய 50 மி.மீ., அதாவது 2 அங்குலம். பெல்ட் சின்னதோ பெருசோ, ஏ வகைக்கு இதே வித்தியாசம்தான். பி வகைக்கு 2 × 3.14 × 11 = 69 மி.மீ., அதாவது 2¾ அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சில பெல்ட்டில் நீளம் மி.மீட்டரில் இருக்கும். பக்கத்தில் ‘எல்.ஐ.’ன்னு இருந்தா உள்சுற்று, ‘எல்.ஏ.’ன்னு இருந்தா வெளிச்சுற்று. அதையும் பார்த்துக் கேளுங்க.

பழைய பெல்ட் இழுபட்டு நீண்டிருக்கும். அதை மட்டும் நம்பக் கூடாது. இன்ஜின் புத்தகத்தில் உள்ள எண்தான் முதல் சாட்சி. அது இல்லைன்னா டைனமோவை உள்பக்கம் தள்ளி வச்சு, புல்லிகளைச் சுத்தி கயிறு போட்டு அளந்து, அதையும் பழசையும் கடைக்காரர்கிட்ட காட்டலாம்.

மாட்டும்போது கவனிக்க

1. இன்ஜினை நிறுத்திய பிறகே கை வைக்கணும்.
2. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏத்தக் கூடாது. உள்ளே இருக்கிற நூல் அறுந்துடும். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி மாட்டணும்.
3. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினா சுமார் அரை அங்குலம் இறங்கணும். புத்தகத்தில் வேற அளவு இருந்தா அதுதான் சரி. ரொம்ப இறுக்கினா பேரிங் போயிடும்.
4. ஜோடி பெல்ட்டா இருந்தா இரண்டையும் சேர்த்தே மாத்தணும். பழசு தளர்ந்திருந்தா புதுசே முழுப் பாரத்தையும் இழுக்கும்.
5. புது பெல்ட் கொஞ்ச நேரம் ஓடினதும் தளரும். மறுபடி இறுக்கணும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்டயோ அண்ணன்கிட்டயோ இரண்டு கேள்வி கேளுங்க. ‘நம்ம படகு பெல்ட் நம்பர் என்ன? மாத்து பெல்ட் படகுல இருக்கா?’ அந்த நம்பரை இன்ஜின் அறைக் கதவில் பெயிண்டால் எழுதி வைக்கச் சொல்லுங்க.



– 9ஆம் வகுப்பு மாணவி