கட்டுப்பாட்டுக் கோபுரத்திற்கு நம் பிள்ளைகள்

ஊத்துக்குளி இரயில் நிலையத்தின் நடைமேடையில் மாலை வேளையில் நிற்போர் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. கோவைக்குச் செல்லும் பயணிகள் வண்டி ஓரமாக ஒதுங்கி நிற்கும். விரைவு வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அதனைக் கடந்து செல்லும். பின்னரே சைகை கிடைக்கும். நம் வண்டி புறப்படும். நிறுத்தி வைக்க இடமிருப்பதால் இரயிலை ஒழுங்குபடுத்துவது ஓரளவு எளிது. வானத்தில் செல்லும் விமானத்தை அவ்வாறு ஓரங்கட்ட இயலாது. வட்டமிடச் செய்யலாம், உயரத்தை மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம். நிறுத்த மட்டும் முடியாது.

சில திங்களுக்கு முன் அதே நடைமேடையில் எனக்கு அறிமுகமான ஒரு தந்தையைச் சந்தித்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். மகன் இயற்பியல் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் வேலைக்கு ஓராண்டு பயிற்சி அளிப்பதாகவும், வேலைக்கு உறுதி கூறுவதாகவும், மூன்று இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் யாரோ கூறியிருக்கின்றனர். "ஏனுங்க ஐயா, பையன் அதுல தேறிடுவானுங்களா? பணத்தைக் கட்டட்டுங்களா?" என்று கேட்டார். இரயில் வந்துவிட்டதால், "கட்டாதீர்கள், பொறுங்கள்" என்று மட்டும் கூறி ஏறிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு நம் குடும்பங்கள் பலவும் இருக்கக்கூடும் அல்லவா?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டின் பொது விமானப் போக்குவரத்தை வானில் வழிநடத்துவது 1995 ஏப்ரல் முதல் நாள் தோன்றிய இந்திய விமான நிலைய ஆணையம். தனக்கு வேண்டிய அலுவலர்களை அதுவே தேர்ந்தெடுக்கிறது. ஊதியம் கொடுத்து அதுவே பயிற்றுவிக்கிறது. இதற்கான பயிற்சிக் கல்லூரி 1948-இல் அலகாபாத்தை அடுத்த பம்ரௌலியில் தொடங்கப்பட்டது. ஐதராபாத்திலும் கோண்டியாவிலும் பயிற்சி நிலையங்கள் உண்டு. ஆகவே, வெளியில் பணம் கட்டிப் படித்துக் கோபுரத்தில் ஏறி அமரும் குறுக்குவழி ஏதுமில்லை. தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்புகள் இருக்கலாம். அவை வேறு, பணிப் பயிற்சி வேறு. இரண்டையும் குழப்பிப் பேசுவோரிடம் விழிப்பாயிருப்பது நலம்.

தேறும் வாய்ப்பு எவ்வளவு? வாயில்கள் இரண்டு, நம் நாட்டில் குறுகலானது முதல் வாயிலே. இளநிலை நிர்வாகி என்னும் இப்பதவிக்கு 2022-இல் 400 இடங்களும், 2023-இல் 496 இடங்களும், 2025-இல் 309 இடங்களும் அறிவிக்கப்பட்டன. இவை பாரத நாடு முழுமைக்கும் ஆனவை. இயற்பியலும் கணிதமும் பயின்ற அறிவியல் பட்டதாரியோ, ஏதேனும் ஒரு பருவத்திலாவது அவ்விரண்டையும் பாடமாகக் கொண்ட பொறியியல் பட்டதாரியோ விண்ணப்பிக்கலாம். நம் பகுதியில் துணிநூல் பொறியியல் பயிலும் மாணவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். வயது 27-க்கு மேற்படலாகாது. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் இனத்தாருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. எனினும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர்களான பட்டியல் இனக் குடும்பத்தாருக்குப் பின்னைய சலுகை கிட்டுவதில்லை. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தம் பிரிவு உள்ளதா என்று பார்த்து, அதற்குரிய சான்றிதழை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை.

எழுத்துத் தேர்வில் 120 நிமிடங்களில் 120 வினாக்கள். அவற்றுள் சரிபாதி இயற்பியலும் கணிதமும். அதில் வென்ற பின்னரும் குரல் சோதனை, உளவியல் சோதனை, போதைப்பொருள் சோதனை, மருத்துவச் சோதனை ஆகியவை காத்திருக்கின்றன. மூக்குக் கண்ணாடி அணிந்தவர் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடியுடன் பார்வை சரியாயிருப்பின் போதும். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவருக்கு மட்டும் இடமில்லை. இச்சோதனையை உள்ளூர்க் கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் செய்துகொள்ளலாம். மூன்று ஆண்டு படித்தபின் அறிந்து மனமுடைவதைவிட இன்றே அறிவது நன்றன்றோ?

அமெரிக்காவில் நிலைமை மாறானது. அங்கே உள்ளே நுழைவோரைப் பயிற்சிக் கல்லூரியே வடிகட்டுகிறது. ஓக்லகோமா நகரத்துக் கல்லூரியில் சேர்வோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தேறாமல் வீடு திரும்புகின்றனர். 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தபோது, அந்த இடங்களை நிரப்பப் பல ஆண்டுகள் ஆயின. ஆள் இருந்தும் தேறுகிறவர் குறைவு என்பதே அங்கே சிக்கல்.

அறிவுள்ள இளைஞர்கள் ஏன் தோற்கின்றனர்? நம்மூர் நிட்டிங் கம்பெனியில் ஒருவரே பல இயந்திரங்களைக் கவனிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் கை வைத்திருக்கும்போதே மற்றொன்றின் ஓசை மாறுவதை அவர் காது கண்டுகொள்ளும். கட்டுப்பாட்டாளருக்கும் இப்பண்பே உயிர். ஆனால் நூல் அறுந்தால் நிட்டிங் இயந்திரம் விளக்கெரிந்து தானே நின்றுவிடும். வானத்தில் அந்த வசதி இல்லை. எந்த விமானம் எந்த உயரத்தில், எத்திசையில், இன்னும் ஐந்து நிமிடத்தில் எங்கே இருக்கும் என்ற முழுப் படமும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் விமானங்களுக்கிடையே 1,000 அடி இடைவெளி வேண்டும். இவ்விதியை மனப்பாடம் செய்வது ஒரு நாள் வேலை. ஒரே வேளையில் ஆறு விமானிகள் பேசும்போது அதனைக் காப்பதுதான் பயிற்சி. வகுப்பில் முதல் மாணவனாக இருந்தவன் மாதிரிக் கோபுரத்தில் திகைத்து நிற்பதும், சுமாரான மாணவன் அமைதியாகச் செய்து முடிப்பதும் இயல்பே. மதிப்பெண் பட்டியலை மட்டும் நம்பும் பெற்றோருக்கு இது விளங்குவதில்லை.

கல்லூரிப் பயிற்சியுடனும் முடிவதில்லை. விமான நிலையத்தில் மூத்தவர் அருகில் அமர்ந்திருக்க, உண்மையான விமானங்களை வழிநடத்திப் பழக வேண்டும். உலக விதிப்படி கோபுரப் பணிக்குக் குறைந்தது ஒரு மாதமும் 90 மணி நேரமும், வழித்தடப் பணிக்கு மூன்று மாதமும் 180 மணி நேரமும் வேண்டும். அத்தகுதியும் அந்த நிலையத்துக்கு மட்டுமே செல்லும். கோவையிலிருந்து சென்னைக்கு மாற்றலானால் மீண்டும் பழகித் தேற வேண்டும்.

நம் பிள்ளைகளைப் பெரிதும் அச்சுறுத்துவது ஆங்கிலம். இதில் இலக்கிய நடை யாருக்கும் வேண்டியதில்லை. 'நைன்' என்பதை 'நைனர்' என்றும், 'திரீ' என்பதை 'ட்ரீ' என்றும் சொல்லக் கற்பிக்கும் துறை இது. மயக்கமின்மையே இதன் இலக்கணம். விமானி கேட்டதைத் திருப்பிச் சொல்ல, அலுவலர் அதைச் செவிமடுத்துச் சரிபார்க்க வேண்டும். 1977 மார்ச் 27-இல் டெனரீஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பாடு பற்றிய தெளிவற்ற சொற்களும் அதற்கு ஒரு காரணம். அதன்பின் புறப்பட அனுமதி தரும்போதும் அதனை நீக்கும்போதும் தவிர அச்சொல்லையே உச்சரிக்கலாகாது என விதி செய்தனர். நம் நாட்டில் 1996 நவம்பர் 12-இல் சர்க்கி தாத்ரி வானில் 349 உயிர்கள் போயின. 15,000 அடியில் நிற்குமாறு தில்லிக் கட்டுப்பாட்டாளர் கூறியிருந்தும் கசக் விமானம் அதற்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணைக் குழு கண்டது. சொல்பவர் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது. கேட்பவர் புரிந்துகொண்டாரா என்று அறியும் பொறுமையும் வேண்டும். தமிழ்வழியில் பயின்ற மாணவன் நிதானமாக, தெளிவாகப் பேசப் பழகினால் அவனுக்கு இங்கு இடமுண்டு. கற்றறிந்தவன் போல் வேகமாகப் பேசுபவனுக்குத்தான் தொல்லை.

இரவுப் பணி உண்டு. கிறிஸ்துமஸ் இரவும் விதிவிலக்கன்று. தொலைதூர நிலையத்தில் பணி கிடைக்கலாம். தாய்மார்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்களும் இப்பணியில் திறம்பட விளங்குவதால், மகளுக்கு இது ஏற்றதன்று என்று தொடக்கத்திலேயே தடுத்துவிடவும் வேண்டாம்.

அண்மையில் அந்தத் தந்தையை மீண்டும் சந்தித்தேன். பணம் கட்டவில்லையாம். கண் சோதனை முடிந்து நிறப் பார்வை சரி என்றாகிவிட்டது. பழைய புத்தகக் கடையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்களைத் தேடி வாங்கியிருக்கிறார்கள். "காலையில எந்திரிச்சு வாசல்ல நின்னு நைனர், நைனர்னு சொல்றானுங்க. அவிங்கம்மாவுக்கு ஒண்ணும் புரியல" என்று சிரித்தார். அதற்குள் இரயில் வந்துவிட்டது.